ஒசரமா இருக்கா?

ஒரு நாளில் நான் அதிகம் கேட்கிற கேள்வி இதுதான். "வலிக்குதா?" என்பதுகூட இதற்கு அடுத்துத்தான். வேர் சிகிச்சை முடிந்த கடைவாய்ப் பல்லுக்குக் கேப் மாட்டும்போதும், சொத்தையைச் சுரண்டி அடைத்த பிறகும், விழுந்த பல்லின் இடத்தில் பிரிட்ஜ் வைக்கும்போதும், பல்செட் கொடுக்கும்போதும் கடைசியில் இந்தக் கேள்விக்கு வந்துதான் ஆக வேண்டும். பல் மருத்துவரிடம் ஒருமுறையாவது போனவர்கள் இதைக் கேட்டிருப்பீர்கள். கூடவே நீலமாகவோ சிவப்பாகவோ ஒரு தாள் துண்டைப் பற்களுக்கு நடுவே வைத்து, "கடிங்க, திறங்க, கடிங்க, அப்படியே ரெண்டு பக்கமும் அரைங்க" என்று சொல்லியிருப்பார்கள். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தால் பல்லில் ஊதாப் பொட்டுகள் இருந்திருக்கும்.

அது பில் புத்தகத்தில் வைக்கும் கார்பன் தாளின் உறவுதான். எங்களுக்கு ஆர்டிகுலேட்டிங் பேப்பர். தடித்தது 200 மைக்ரான் வரும். நான் பெரும்பாலும் எடுப்பது 40. ஒரு தலைமுடி ஏறத்தாழ 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், முடியைவிட மெல்லிய தாள். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் எங்கே தொடுகின்றனவோ அங்கே மை ஒட்டும். அழுத்தமாக முட்டும் இடத்தில் பெரும்பாலும் நடுவில் வெறுமையாகவும் சுற்றி வளையமாகவும் ஒரு குறி விழும். மை நடுவிலிருந்து பிதுங்கி ஓரத்துக்குப் போய்விடுகிறது. அந்த வளையத்தைத்தான் தேடிப்போய் அரைப்போம். இதைவிட மெல்லியதாக ஒரு படலமும் உண்டு, 8 மைக்ரான். அதில் மை கிடையாது. பற்களுக்கு நடுவே வைத்துக் கடிக்கச் சொல்லி இழுத்துப் பார்க்க வேண்டும். பிடித்தால் பற்கள் தொடுகின்றன, வழுக்கிக்கொண்டு வந்தால் தொடவில்லை. கேப் மாட்டுவதற்கு முன்பே பக்கத்துப் பற்கள் அந்தப் படலத்தைப் பிடிக்கின்றனவா என்று பார்த்துவைப்பேன். மாட்டிய பிறகு அதே பற்கள் விட்டுவிட்டால், புதிதாக வந்தது உயரம்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு? பல் எலும்பில் நேராகப் பதிந்திருக்கவில்லை. நடுவே ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு நார்ப்படுகை இருக்கிறது. பல் அதில் ஊஞ்சல் கட்டியதுபோல் தொங்குகிறது. அந்த நார்களுக்குள் நரம்பு நுனிகள். கீரையில் ஒரு மணல் கடிபட்டால் வாய் சட்டென்று நிற்பது அவற்றால்தான். சொந்தப் பற்களுக்கு நடுவே 20 மைக்ரான் தடிமனில் ஒன்று வந்தாலும் அது தெரியும். அந்த அளவுக்கு உயரமான கேப்பை விட்டுவைத்தால் முதலில் சாப்பிடும்போது ஒரு நெருடல். பிறகு அந்தப் பல் மட்டும் இடி வாங்கும். நார்ப்படுகை வீங்கும், பல் ஆடும், பீங்கான் சில்லு தெறிக்கும். அதற்குள் அந்தப் பக்கமே மெல்லாமல் மறுபக்கத்துக்கு மாறியிருப்பார்கள்.

இந்த வேலையில் எனக்குப் பிடித்ததும் என்னைத் தொந்தரவு செய்வதும் ஒன்றேதான். தாள் எல்லாவற்றையும் சொல்வதில்லை. எங்கே தொடுகிறது என்று சொல்லும். எவ்வளவு பலமாக என்று சொல்லாது. குறி பெரிதாக இருந்தால் அழுத்தமும் பெரிது என்று பார்த்த மாத்திரத்தில் முடிவுகட்ட முடியாது என்பதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. எச்சில் பட்டால் மை ஒட்டாது. பளபளப்பான கேப்பில் வழுக்கும். எந்தப் பல் முதலில் தொடுகிறது, எதில் எத்தனை விழுக்காடு விசை என்று கணினித் திரையில் காட்டும் உணரிகள் 1980களிலேயே வந்துவிட்டன. அவற்றின் விலை சின்ன கிளினிக்குகளுக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே கடைசிக் கருவி நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் சொல்தான். அவர் "இடிக்குது" என்றால்தான் எனக்குத் தெரியும்.

அந்தச் சொல் வர வேண்டுமே.

பகலில் தில்லைநகரிலும் மாலையில் ஸ்ரீரங்கத்திலுமாக வேலை பார்க்கிறேன். தில்லைநகரில் தெருவுக்குத் தெரு ஆஸ்பத்திரி. லால்குடி, துறையூர், மணப்பாறை, புதுக்கோட்டை என்று சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பஸ் ஏறி வருவார்கள். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதி, சித்திரை வீதிக்காரர்கள் நடந்தே வருவார்கள். இரண்டு இடத்திலும் பெண்களிடம் "ஒசரமா இருக்கா?" என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் ஒன்றுதான்: "பரவால்ல." கொஞ்சம் நீட்டிக் கேட்டால், "பழகிடும் டாக்டர்." இன்னும் கேட்டால், "நீங்க பாத்துச் செஞ்சா சரியாத்தான் இருக்கும்."

ஆண்களில் கூச்சப்படுகிறவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் என் நாற்காலியில் நான் பார்த்தவரை, ஆண்கள் கேப்பைப் பற்றிப் புகார் சொல்வது செருப்புக் கடையில் புதுச் செருப்பைக் குறை சொல்வதுபோல இயல்பாக இருக்கும். காசு கொடுத்த பொருள், சரியில்லையென்றால் சொல்வார்கள். பெண்கள் அதே நாற்காலியில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். இலையில் உப்பு குறைவாக இருந்தாலும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போகிற விருந்தாளி.

காரணங்கள் எதுவும் மர்மமில்லை. பள்ளிக்கூட வேன் வருவதற்குள் வீட்டில் இருக்க வேண்டும். இன்னொரு முறை வர இன்னொரு அரை நாளை யாரிடமாவது கேட்டு வாங்க வேண்டும். பணம் பெரும்பாலும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. ஒருமுறை கேப்பை மாட்டிவிட்டு அந்தப் பெண்ணிடம் கேட்டேன். பதில் கதவருகிலிருந்து வந்தது. "சரியாத்தான் டாக்டர் இருக்கும். ஏய், சரியா இருக்குன்னு சொல்லு." அவர் அதட்டவில்லை. அவசரத்தில் இருந்தார், அன்பாகத்தான் சொன்னார். மனைவியும் வாயில் தாளோடு தலையை ஆட்டினார். அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் திரும்பவும் கேட்டேன். "கொஞ்சம் முன்னாடியே முட்டுற மாதிரி இருக்கு. அது தப்பா?" என்று என்னிடமே கேட்டார்.

அந்த "அது தப்பா?" இன்னும் காதில் இருக்கிறது.

உடம்பு கிடக்கிற கிடையும் இதில் சேர்த்தி. மல்லாந்து படுத்திருக்கும்போது கீழ்த்தாடை சற்றுப் பின்னால் சரியும். அப்போது கடித்துப் பார்த்துச் சரிசெய்த கேப், எழுந்து உட்கார்ந்ததும் வேறு இடத்தில் முட்டும். அதனால் கடைசிப் பரிசோதனையை நிமிர்ந்து உட்காரவைத்துத்தான் செய்ய வேண்டும் என்பது பாடம். மரத்துப்போகும் ஊசி போட்டிருந்தால், மரப்பு விட்ட பிறகு இன்னொரு முறை. பாடத்தில் எழுதாதது ஒன்று உண்டு. முகத்தில் விளக்கு அடிக்க, வாயைத் திறந்து, மேலே இரண்டு முகமூடிகளைப் பார்த்தபடி படுத்திருக்கும் பெண்ணிடம் கருத்துக் கேட்டால் கருத்து வராது. நாற்காலியை நிமிர்த்தி, வாயைக் கொப்பளிக்கவிட்டு, விலகிய முந்தானையை அவர் சரிசெய்துகொள்ளக் கொஞ்சம் நேரம் கொடுத்து, நானும் முகமூடியை இறக்கிவிட்டுக் கேட்டால் குரல் மாறிவிடும். கேள்வியும் மாற வேண்டும். "சரியா இருக்கா?" என்ற கேள்வியிலேயே "சரி" என்ற பதில் இருக்கிறது. "எந்தப் பல்லு முதல்ல முட்டுது?" என்று கேட்டால் தலையாட்டித் தப்பிக்க முடியாது. கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு தடவை மெல்லத் தட்டிப் பார்த்துவிட்டு, விரலை வைத்துக் காட்டுவார்கள். பெரும்பாலும் விரல் காட்டிய இடத்தில்தான் வளையம் இருக்கும்.

பக்கவாட்டில் அரைக்கச் சொன்னால் இன்னொரு தயக்கம். மெல்லுவது என்பது நேராகத் தட்டுவது மட்டுமில்லையே. தாடை இடவலமாகப் போய்வரும். அந்த நகர்விலும் கேப் இடறாமல் இருக்க வேண்டும். அதைச் செய்து காட்டுங்கள் என்றால் பல பெண்களுக்கு வெட்கம் வந்துவிடும். ஒரு கல்லூரி மாணவி கையால் வாயைப் பொத்திக்கொண்டு அரைத்துக் காட்டினாள். பொம்பளை சிரிச்சா போச்சு, புகையிலை விரிச்சா போச்சு என்று சொல்லிச் சொல்லி வளர்த்த வாய்கள். அந்நியர் முன்னால் பல்லை நறநறக்கச் சொன்னால் எப்படி உடனே வரும்? இதில் விதிவிலக்கு, வெற்றிலை போடும் கிராமத்துப் பாட்டிகள். சொல்லி முடிப்பதற்குள் ஆடு அசைபோடுவதுபோலத் தாடையைச் சுழற்றிக் காட்டிவிடுவார்கள். அவர்கள் பல்லின் முகடுகள் தேய்ந்து அம்மிபோலத் தட்டையாக இருக்கும். அந்த வாய்க்குக் கூர்முகடு வைத்த கேப் செய்து மாட்டினால் அது ஒரு வாரம்கூடத் தாங்காது.

எங்கள் தொழிலில் இந்த அரைப்புக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர் அட்ஜஸ்ட்மென்ட். முதல் முறை பாடத்தில் கேட்டபோது வகுப்பில் பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு ஓடியது. எங்களுக்கெல்லாம் அந்தச் சொல் வீட்டிலிருந்தே தெரியும். அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. போற எடத்துல அட்ஜஸ்ட் பண்ணி நடந்துக்கோ. ஆனால் கிளினிக்கில் அதன் இலக்கணம் வேறு. அரைபட வேண்டியது நாங்கள் செய்து வைத்த பொருள்தான்; எதிரே இருக்கிற உயிருள்ள பல் இல்லை. எதிர்ப்பல் அளவுக்கு மீறி இறங்கியிருந்தால் மட்டும், முன்கூட்டியே திட்டமிட்டு, நோயாளியிடம் சொல்லிவிட்டு அதைத் தொடலாம். வசதிக்காக எதிர்ப்பல்லில் கைவைப்பது கூடாது. எனாமல் போனால் போனதுதான், திரும்ப வளராது. "ரெண்டு நாள்ல பழகிடும்" என்று சொல்லி அனுப்புவது அந்த அரைப்பை நோயாளியின் உடம்பிடமே ஒப்படைப்பது. உடம்பும் செய்து முடிக்கும். பல் கொஞ்சம் உள்ளே அமுங்கும், கொஞ்சம் நகரும், தாடை வேறு வழியில் மூடப் பழகும். பழகிவிட்டது என்று எல்லோரும் சொல்வோம்.

இம்பிளாண்ட் வைத்த பல்லுக்கு இந்தப் பேச்சே கிடையாது. அது எலும்போடு நேராக ஒட்டியது. நார்ப்படுகை இல்லாததால் உணர்வு மட்டு, அமுங்கியும் கொடுக்காது. மெல்லக் கடித்தால் படலம் வழுக்க வேண்டும், இறுகக் கடித்தால்தான் பிடிக்க வேண்டும் என்று நாங்களாகவே அளந்து விட்டுவிடுவோம். சொல்லத் தெரியாத பல்லுக்கு இவ்வளவு ஜாக்கிரதை!

சொல்லத் தெரிந்த ஒருவரைப் பற்றி எழுத வேண்டும். முசிறிப் பக்கத்திலிருந்து வந்தார், நாற்பதைத் தாண்டியவர். சிர்கோனியா கேப். மாட்டி, உட்காரவைத்து, கேட்டேன். கண்ணை மூடிக் கடித்துப் பார்த்தார். "பின்னாடி, உள்பக்கம், ஒரு பட்டை தூக்கிக்கிட்டு நிக்குதுங்க" என்றார். இன்னொரு தடவை கடித்து, "பட்டைன்னு முழுசாவும் இல்ல. பட்டையோட விளிம்பு" என்று திருத்திக்கொண்டார். தாளை வைத்தேன். உள்முகட்டின் பின்சரிவில், விளிம்பில், அரிசி முனையளவு வளையம்.

திருச்சிக்காரர்களுக்கு அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. சுற்றுவட்டாரக் கிராமங்களில் செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டுவது ஒருகாலத்தில் வீட்டுக்கு வீடு நடந்த தொழில். திண்ணையிலும் கூடத்திலும் பட்டறை போட்டு, ஒட்டிய கல்லைச் சுழலும் தட்டில் பிடித்து ஒவ்வொரு முகமாகத் தேய்த்து எடுப்பார்கள். பெண்கள் நிறையப் பேர். வட்டமான பிரில்லியன்ட் வெட்டு என்றால் ஒரு கல்லுக்கு 57 பட்டை. அதிலும் அமெரிக்கன் டைமண்ட் என்று கடையில் விற்கும் கல்லும், நான் மாட்டிய கேப்பும் ஒரே சரக்கு, சிர்கோனியம் டை ஆக்சைடு. சேர்மானத்தின் அளவும் படிக அமைப்பும்தான் வேறு. கல்லுக்குள் ஒளி ஊடுருவும், கேப்பில் பால்வெள்ளை. அவர் பதினேழு வயதிலிருந்து கையால் தேய்த்த பொருளைத்தான் வாயில் வைத்திருந்தேன். அதைச் சொன்னதும் சிரித்துவிட்டார். பிறகு கேட்டார்: "அரைச்சு விட்டா மட்டும் போதாதேங்க. பாலிஷ் ஏத்துனீங்களா? இல்லன்னா எதிர்ல உள்ளதத் தின்னுப்புடும்."

இதைத்தான் எங்கள் ஆய்விதழ்களும் சொல்கின்றன. அரைத்துக் கரடுமுரடாக விட்ட சிர்கோனியா எதிர்ப்பல்லின் எனாமலைத் தேய்த்துவிடும். நன்றாக மெருகேற்றியது அவ்வளவு தேய்க்காது. ரப்பர் முனையில் தொடங்கி பேஸ்ட் வரை போட்டு மெருகேற்றினேன். விரல் நுனியால் தடவிப் பார்த்துவிட்டு, "இப்ப சரிங்க" என்றார். நான் பார்த்தவர்களில் இவ்வளவு துல்லியமாகச் சொன்னவர் அவர்தான். மைக்ரான் கணக்கை அவர் கை படித்திருந்தது, வார்த்தையையும் அந்த வேலைதான் கொடுத்திருந்தது. ஒரு கல்லுக்கு எவ்வளவு கூலி கிடைத்தது என்று கேட்டேன். "அவங்க குடுக்கறதுதாங்க. பரவால்ல" என்றார்.

பல் மருத்துவம் இன்று பெண்கள் அதிகம் படிக்கும் படிப்பு. ஃபாத்திமா ஜின்னா கல்கத்தாவில் டாக்டர் ஆர். அகமதுவின் கல்லூரியில் படித்துவிட்டு 1923இல் பம்பாயில் கிளினிக் திறந்தபோது அது அதிசயம். இப்போது வகுப்பில் பாதிக்கு மேல் மாணவிகள். நைட் டியூட்டி இல்லை, வீட்டோடு கிளினிக் வைக்கலாம், பெண்ணுக்கு ஏற்றது என்று சொல்லிச் சேர்த்துவிடுகிறார்கள். பல் பிடுங்க வேண்டுமென்றால் மட்டும் "ஆம்பளை டாக்டர் இல்லையா?" என்று எட்டிப் பார்ப்பார்கள். ஆனால் மருத்துவர் பெண்ணாக இருப்பதாலேயே நாற்காலியில் இருக்கும் பெண்ணின் சொல் காதில் விழுந்துவிடும் என்று நான் நம்பவில்லை. பாடத்தைப் படித்தபோது அதன் சந்தேகங்களையும் சேர்த்துத்தான் படித்தோம்.

அப்படிப் படித்த ஒரு சந்தேகத்துக்குப் பெயரே இருக்கிறது. ஜோசப் மார்பாக் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1976இல் அதற்கு ஃபேன்டம் பைட் என்று பெயர் வைத்தார். கையை இழந்தவருக்கு இல்லாத கை வலிப்பதுபோல, இல்லாத கடிக்கோளாறு உறுத்திக்கொண்டே இருக்கும் நிலை. தாள், படலம், திரை எல்லாம் சரி என்கின்றன. அவர் மட்டும் இல்லை என்கிறார். மருத்துவர் மாற்றி மருத்துவர் போய்க்கொண்டிருப்பார். இப்படி ஒரு நிலை உண்மையிலேயே உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெயர் எவ்வளவு வசதியானது என்று யோசித்துப் பாருங்கள். மூன்று முறை "இன்னும் ஒசரம்" என்று சொன்ன பெண்ணின் கோப்பில் அதை எழுதிவிடலாம். நான்காவது முறை தாளை எடுக்க வேண்டியதில்லை.

அப்படி ஒருவர் என்னிடம் வந்தார். ஒரு துணிப்பை நிறைய எக்ஸ்ரே. இரண்டு வருஷத்தில் நான்கைந்து இடம் பார்த்திருந்தார். போன இடத்திலெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்து, கேப் மட்டுமில்லாமல் அதன் எதிர்ப்பல்லும் மழுங்கியிருந்தது. கடைசியாகப் பார்த்தவர், "உங்களுக்குப் பல்லுல ஒண்ணுமில்ல, மனசுலதான்" என்று அனுப்பியிருக்கிறார். நான் ஒரு மணிநேரம் பார்த்தேன். படலம் இரண்டு பக்கமும் பிடித்தது. முதலில் முட்டும் இடம் எதுவும் கிடைக்கவில்லை. இனி அரைத்தால் கெடுதல்தான். ஆனால் அவருக்கு உறுத்துகிறது என்பதும் உண்மை. இரண்டையும் சொன்னேன். "நீங்க சொல்றது எனக்குப் புரியுது, நம்புறேன். ஆனா நான் இந்தப் பல்லத் தொட மாட்டேன்." நம்புகிறேன் என்றால் அரைக்க வேண்டியதுதானே என்பது அவர் வாதம். நியாயமான வாதம்தான். ஒருவர் சொல்வதைக் கேட்பது வேறு, கேட்ட உடனே ஏரோட்டரைக் கையில் எடுப்பது வேறு என்பதை அன்று அவருக்குப் புரியவைக்க என்னால் முடியவில்லை. கோபமாகப் போனார். ஆறு மாதத்தில் திரும்பி வந்தார். உறுத்தல் போகவில்லை. ஆனால் இடையில் வேறு யாரிடமும் அரைத்துக்கொள்ளவில்லை. இப்போதும் வருகிறார்.

தாடை வலியோடு வருகிறவர்களிலும் பெண்கள்தான் அதிகம். இது என் கிளினிக் கணக்கு மட்டுமில்லை, எங்கும் அப்படித்தான். காது முன்னால் சொடக்கு, காலையில் எழுந்தால் கன்னம் இறுகிக் கிடப்பது, நெற்றிப்பொட்டில் வலி. வெகுகாலம் இதற்கெல்லாம் கடிதான் காரணம் என்று சொல்லிப் பற்களை அரைத்தார்கள். நல்ல பல்லையும் அரைத்தார்கள். அப்படி அரைப்பது வலியைத் தீர்க்கும், தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை என்று 2003இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு சொன்னது. திரும்ப வளராத ஒன்றை எடுத்துத்தான் அதுவரை வைத்தியம் பார்த்திருக்கிறோம்.

அவர்களிடம் நான் கேட்பது எளிய கேள்வி. சும்மா இருக்கும்போது உங்கள் பற்கள் எப்படி இருக்கும்? "சேந்துதான் இருக்கும். அப்படித்தானே இருக்கணும்?" இல்லை. உதடு சேர்ந்திருக்கலாம், பற்கள் சேர்ந்திருக்கக் கூடாது. நடுவே 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதுதான் தாடையின் ஓய்வு. சாப்பிடுவது விழுங்குவது எல்லாம் சேர்த்து ஒரு நாளில் பற்கள் ஒன்றையொன்று தொடும் நேரம் இருபது நிமிடம் வந்தால் அதிகம் என்பது பாடப்புத்தகக் கணக்கு. இதைச் சொன்னதும் ஒரு ஆசிரியை தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "ஹெட்மாஸ்டர் ரூம்ல நிக்கும்போதெல்லாம் பல்லக் கடிச்சுக்கிட்டுதான் நிப்பேன்" என்றார். நாம் சும்மா வழக்கில் சொல்வது, பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டேன் என்று. அவர் விஷயத்தில் அது அப்படியே நடந்திருந்தது. கடைவாயில் ஒரு முகடு விரிசல் விட்டிருந்தது.

இனி ஸ்ரீரங்கத்து மாமி. எண்பதை நெருங்குகிறவர். வாயில் ஒரு பல் இல்லை. மருமகளோடு வந்தார். "கொழந்தே, கடிச்சுத் திங்கறதுக்கு நேக்கு ஒண்ணும் வேண்டாம். சாத்தமுது சாதம் கரைச்சுச் சாப்டா போறும். மார்கழிக்குள்ள திருப்பாவை நன்னா சொல்ல வரணும். 'த' வரமாட்டேங்கறது" என்றார். முப்பது பாசுரமும் ஏழு வயதிலிருந்து மனப்பாடம். பல் போனபிறகு சொல்லும்போது காற்றுப் போகிறது, கோஷ்டியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் திரும்பிப் பார்த்தாராம். அதிலிருந்து வாய்க்குள்ளேயே சொல்லிக்கொள்கிறார்.

பல்லே இல்லாத வாயில் கடி பார்ப்பது வேறு வேலை. எங்கே மூடுவது என்று சொல்ல எந்தப் பல்லும் மிச்சமில்லை. நார்ப்படுகையும் பல்லோடு போய்விட்டது. ஈறின் மேல் மெழுகுத் திட்டு வைத்து, நாக்கு நுனியை மடித்து அண்ணத்தின் பின்பக்கம் தொட்டபடி கடிக்கச் சொல்லி, தாடை இயல்பாகப் பின்னால் போய் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். உயரத்தையும் நாங்களே தீர்மானிக்க வேண்டும். உயரம் கூடினால் பேசும்போது பல்செட் டக் டக்கென்று தட்டும். குறைந்தால் கன்னம் ஒட்டி வாய் மடிந்துவிடும். தராசு மாதிரி இரண்டு பக்கமும் ஒன்றாகத் தொட வேண்டும், ஒருபக்கம் முந்தினால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். உயரம் சரிதானா என்று பார்க்க ஒரு வழி, ஸகாரம் வரும் சொற்களைச் சொல்லச் சொல்வது. அந்த ஓசையில்தான் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாமல் மிக நெருங்கும். ஆங்கிலப் புத்தகத்தில் மிஸிஸிப்பி என்று போட்டிருக்கும். ஸ்ரீரங்கத்தில் அதற்குப் பஞ்சமா? "ஸ்ரீனிவாசன்னு சொல்லுங்க மாமி" என்றேன், பெருமாள் பெயர்தானே என்று. மாமி வாயைத் திறக்கவில்லை. மருமகள் சிரித்தார். "அது எங்க மாமனார் பேரு, டாக்டர்." மாமனார் போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது. சரஸ்வதி என்று மாற்றிக்கொண்டோம்.

மெழுகில் பல் அடுக்கிப் பார்த்த அன்று மாமி குறை சொல்லத் தொடங்கினார். மேல்வரிசை பெரிசு. இடப்பக்கம் நாக்கு இடிக்கிறது. 'ஸ' சீறுகிறது. மருமகள் என்னைப் பார்த்து, "அம்மா எதுக்குமே ஏதாவது சொல்லிண்டேதான் இருப்பா. நீங்க முடிச்சுக் குடுத்துடுங்கோ, பழகிடும்" என்றார். மாமி சொன்ன மூன்றில் இரண்டு சரி. பற்களைக் கழற்றித் திரும்ப அடுக்கினேன். அறுபது வருஷம் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிட்டவர், இப்போதுதான் தனக்கென்று செய்கிற ஒரு பொருளைக் குறை சொல்கிறார். அதற்குள் அவருக்குக் குறைசொல்லி என்ற பெயர் வந்துவிட்டது.

கார்த்திகை முடிவதற்குள் பல்செட் கொடுத்துவிட்டேன். தை பிறந்து நாலைந்து நாளில் மாமி வந்தார். கேட்பதற்கு முன்பே விரலை வைத்துக் காட்டினார். "வலது பக்கம், கீழே, கடைசிக்கு முந்தினது. பேசறச்சே ஒண்ணுமில்ல. மென்னா இது முன்னாடி தட்டறது, இந்தப் பக்கம் தூக்கிக்கறது." தாளை வைத்தேன். வளையம் அங்கேதான். இரண்டு முறை தொட்டு எடுத்தேன். "இன்னும் ஒரு இழை எடு" என்றார். எடுத்தேன். பல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு, திருப்பாவை எப்படிப் போயிற்று என்று நான் கேட்காமலே, முப்பது நாளும் வாய்விட்டுச் சொன்னதாகச் சொன்னார். மென்று சாப்பிட ஒன்றும் வேண்டாம் என்றவர் இப்போது எதை மென்று பார்த்தார் என்று கேட்டேன். சீடை என்றார்.

மாமி கைப்பையை எடுத்துக்கொண்டிருக்கும்போது மருமகள் நாற்காலி ஓரத்தில் வந்து நின்றார். சென்னையில் இருந்தபோது அவருக்கும் ஒரு கேப் போட்டிருக்கிறார்களாம், இடது பக்கம். ரொம்ப நாளாக அந்தப் பக்கம் மெல்லுவதே இல்லை. எவ்வளவு நாளாக என்று கேட்டேன். நாலு வருஷம். சனிக்கிழமை பதினோரு மணிக்கு, தளிகை முடித்துவிட்டு வருவதாகச் சொல்லி நோட்டில் தன் பெயரை எழுதச் சொன்னார்.